சவாட்டைத் தெரியாத ஊர்

ஆற்றங்கரைச் சரிவில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த விலாயை மேலே சாலையிலிருந்து தியூ கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம் இருந்தது. அதனாலேயே விலாய் நிமிரவில்லை. தியூவின் சந்தோஷங்கள் பெரும்பாலும் யார் வீட்டுச் சண்டையையாவது பற்றியவை. இன்னும் ஒரு வரிசை பாக்கி இருந்தது. இடுப்பு காலையிலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தது.

"ஏ விலாய்! மேல வாடி. உன் புருஷனைக் காப்பாத்திட்டேன்!"

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

தியூ சாலையோரத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். ஊருக்குள் வருகிற எவரும் அவள் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். விலாய் கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வருவதற்குள் தியூ பாதிக் கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.

"ஷூ போட்ட ஆளு. கையில ஃபைலு. மூக்குக் கண்ணாடி வேற. 'சவாட்டுங்கிறவர் வீடு எது'ன்னு கேக்கறான். நான் அடுப்புலேர்ந்து தலையைத் தூக்கணுமே! 'எந்த சவாட்டு? அப்படி யாரும் இந்த ஊர்ல இல்ல சார்'னுட்டேன். விடலையே அவன். 'அவரோட சம்சாரம் லாவோஸ்காரங்க'ங்கிறான். 'லாவோஸ்காரி ஒருத்தி இருக்கா, தக்காளி பறிப்பா. அவ புருஷனையெல்லாம் நாங்க பார்த்ததே இல்ல'ன்னேன். எப்படி?"

விலாய் கூடையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, எந்த ஆபீஸ்லேர்ந்து வந்தாராம்?"

"என்னமோ சொன்னான். குடியுரிமை விசாரணையோ என்னவோ..." சொல்லிக்கொண்டே வந்த தியூவின் வாய் பாதியில் நின்றது. கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். "ஐயையோ. அது உன் விஷயமா?"

சவாட் கொரியாவில் இருந்தான். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று விமானம் ஏறி, திரும்ப வேண்டிய நாளில் திரும்பாமல், ஏதோ ஒரு மலையடிவாரத்தில் கண்ணாடித்தாள் கூடாரங்களுக்குள் அங்கே கீரைபோல் தின்கிற எள்ளிலை பறித்துக்கொண்டிருந்தான். இப்படிக் காகிதமில்லாமல் அங்கே இருப்பவர்களைக் குட்டிப் பேய்கள் என்பார்கள். விலாயின் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு குட்டிப் பேய் உண்டு. புதுக் கூரைகளும் பிக்கப் வண்டிகளும் அந்தப் பேய்கள் அனுப்பியவைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ இரண்டு பேர் கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். யார் வீட்டு ஆள் கொரியாவில், எந்தப் பட்டறையில் என்று விசாரித்தார்கள். ஊரும் பெருமையாகச் சொன்னது. அடுத்த மாதமே மேலத் தெருக்காரன் ஒருவன் அங்கே பிடிபட்டுத் திரும்பி வந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் ஊர்த்தலைவர் பிரசோப் மறுநாள் காலை ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். கொசு மருந்து அடிக்கும் நாள், கோயில் அன்னதானம், தொலைந்த எருமை எல்லாவற்றையும் அவர் அந்த ஒலிபெருக்கியில்தான் சொல்வார். அன்றைக்குச் சொன்னது இது: இனி ஷூ போட்டுக்கொண்டு ஃபைலோடு எவன் வந்து யாரைக் கேட்டாலும், நமக்கு யாரையும் தெரியாது.

காற்று வாக்கில் அது ஆற்றைத் தாண்டி லாவோஸ் பக்கம்கூடக் கேட்டிருக்கும். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஊர் ஒன்றுபட்டுச் செய்கிற காரியங்கள் குறைவு. இதை மட்டும் ஒருவர் தவறாமல் செய்தார்கள்.

விலாய் ஊர்த்தலைவர் வீட்டுக்கு ஓடினாள். அதிகாரி போய்விட்டிருந்தார். பிரசோப் நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார், நல்ல வேலை செய்து முடித்தவரைப் போல.

"பயப்படாதே. சவாட் ரொம்ப வருஷம் முன்னாடியே எங்கேயோ போயிட்டான், தகவலே இல்லன்னு சொல்லிட்டேன். அந்த ஆளும் எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

"மாமா, அவர் என் கார்டு விஷயமா வந்தவர். நானும் என் வீட்டுக்காரரும் புருஷன் பொண்டாட்டியா வாழறோமான்னு விசாரிக்க வந்தவர்."

பிரசோப்பின் விசிறி நின்றது.

வீட்டில் மாமியார் லமுன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விலாய் முகத்தைப் பார்த்ததும் அவளே சொன்னாள். "ஒருத்தன் வந்தான். எனக்கு மகனே இல்லன்னு அனுப்பிட்டேன்."

விலாய் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அவள் பிறந்த ஊர் எதிர்க்கரையில், தியூவின் கடையிலிருந்து பார்த்தால் தெரிகிற தென்னைகளுக்குப் பின்னால் இருந்தது. பேச்சு ஒன்று, சோறு ஒன்று, நாறுகிற மீன் சாடிகூட ஒன்றுதான். கல்யாணம் முடித்து இக்கரைக்கு வந்தபோது வெளிநாட்டுக்கு வந்ததாக அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் தங்கும் அனுமதி முடியும் போதெல்லாம் படகேறிப் போய் முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று வருஷங்கள் ஓடின.

அப்படி ஒரு தடவை, குழந்தை பாய்மாயை மாமியாரிடம் விட்டுவிட்டு, அக்காவுக்குக் காய்ந்த மிளகாய் ஒரு பொட்டலத்தோடு அக்கரைக்குப் போனாள். நோய் பரவிய காலம் அது. அன்று சாயங்காலமே படகுத்துறையை மூடிவிட்டார்கள். காலையில் திறந்துவிடுவார்கள் என்றார்கள். திறக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த நாட்களில் பொழுது சாய்ந்ததும், சவாட் வயலிலிருந்து வருவதற்குள், லமுன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்து நிற்பாள். கையில் டார்ச் விளக்கு இருக்கும். மூன்று தடவை அணைத்து ஏற்றினால் குழந்தை நன்றாகச் சாப்பிட்டது என்று அர்த்தம். காய்ச்சல் வந்த நாட்களிலும் லமுன் மூன்று தடவைதான் ஏற்றினாள் என்பது விலாய்க்குப் பின்னால்தான் தெரிந்தது. துறை திறந்து இவள் ஓடி வந்தபோது குழந்தை பாட்டியின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "யாரு வந்திருக்கா பாரு" என்றதற்கு, "அக்கரை அத்தை" என்றது.

அன்றைக்கு முடிவு செய்தாள், இந்த நாட்டுக் கார்டு வாங்காமல் ஓய்வதில்லை என்று. இன்னொரு முறை யாராவது துறையை மூடினால் தான் இந்தப் பக்கம் இருக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

விண்ணப்பம் கொடுக்கப் போனபோது கணவனின் வருமானத்துக்குச் சான்று கேட்டார்கள். தக்காளிக்கு யார் சான்று கொடுப்பார்கள்? சவாட் யோசித்தான். கொரியாவுக்குப் போய்ச் சம்பாதித்து வங்கியில் போட்டுக் காட்டலாம், மேல்மாடியும் கட்டிவிடலாம் என்றான். போனான். பணம் வந்தது, வீட்டுக்குத் தூண்களும் எழும்பின. ஆனால் பேய்க்குச் சம்பளச் சீட்டு யார் கொடுப்பார்கள் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. பிரசோப்தான் யார் யாரையோ பிடித்து, நில வருமானம் என்று ஒரு தாள் வாங்கி ஃபைலை உள்ளே தள்ளினார். தள்ளிய ஃபைல் வருஷக்கணக்கில் தூங்கிவிட்டு, இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்து வந்திருந்தது.

நகரத்து அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, கணவனோடும் சாட்சிகளோடும் நேரில் வரச் சொல்லி. கணவன் இல்லை. பிரசோப் தன் பிக்கப்பில் விலாயையும், தியூவையும், லமுனையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் தியூ என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள்.

"உடம்பு சரியில்லாம படுத்திருக்கான்னு சொல்லுவோமா?"

"வேண்டாம்க்கா," என்றாள் விலாய். "இனிமே யாரும் எதையும் சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்."

கண்ணாடிக்காரர் சின்ன வயதுக்காரர். நால்வரையும் உட்கார வைத்து, தான் எழுதி வந்ததை நிதானமாகப் படித்தார்.

"கடைக்காரம்மா, 'அப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை.' தலைவர், 'பல வருஷமாகத் தகவல் இல்லை.' கோயில் வாசல்ல இருந்த பெரியவர், 'சவாட் செத்துப் போயிட்டான்.'"

"அது யாரு?" என்றாள் லமுன் கோபமாக.

"அம்மா, உங்களதைக் கேளுங்க. 'எனக்கு மகனே இல்லை.' மகனே இல்லன்னா, இவங்க யாருக்குங்க மருமக?"

லமுன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மருமக எனக்கு. அது நிஜம் சார்."

தியூ சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்தார்.

விலாய் சொன்னாள். கொரியா, எள்ளிலை, ஒலிபெருக்கி, ஊர் ஏன் அப்படிச் சொன்னது எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல, சவாட்டைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுக்கிறோமோ என்று இருந்தது. பிரசோப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் கொரியாவுல இருக்காரா, நிலாவுல இருக்காரான்னு பார்க்கிறது என் வேலை இல்லைம்மா," என்றார் அதிகாரி. "நீங்க ரெண்டு பேரும் குடும்பமா வாழறீங்களா, அதுதான் என் வேலை. அவர் நேர்ல வரணும். என் முன்னாடி கையெழுத்துப் போடணும். வந்து தங்கினப்புறம் நான் மறுபடி ஊருக்கு வருவேன். எப்போ வருவேன்னு சொல்ல மாட்டேன்."

"போன்ல முகத்தைக் காட்டினா ஆகாதா சார்?" என்றாள் தியூ. "தினமும் காட்டறான். இவ முகத்தைவிட இவ போன்ல அவன் முகந்தான் அதிகமாத் தெரியும்."

"ஆகாதும்மா."

"ஃபைலை எவ்வளவு நாள் வெச்சிருப்பீங்க சார்?" என்று விலாய் கேட்டாள்.

"மழைக்காலம் முடியற வரைக்கும். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. புதுசா முதல்லேர்ந்து போட வேண்டியதுதான்."

திரும்பி வரும் வழியில் லமுன், "அந்தக் கோயில் வாசல் கிழவன் யாருன்னு எனக்குத் தெரியும். இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் சவாட் கூப்பிட்டான். பெட்டிகளின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவான். வெளியே ஏதாவது வண்டி நின்றால் பாதிப் பேச்சில் முகம் மறைந்துவிடும். அப்புறம் அன்றைக்கு வராது. பாய்மாய் பழகிவிட்டாள். "அப்பா ஒளிஞ்சுக்கிட்டாரு" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளையாடப் போவாள்.

விலாய் நடந்ததைச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"நான் வரட்டுமா?"

இதை அவன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள், "வீடு முடியட்டும்" என்பாள். அப்படிச் சொல்வாள் என்று தெரிந்துதான் அவனும் கேட்பான். கேட்டுவிட்டோம், சொல்லிவிட்டாள் என்று இருவரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

"வா," என்றாள்.

அவன் சரியாகக் கேட்கவில்லை என்பது போல முகத்தை அருகில் கொண்டுவந்தான். "வந்தா மறுபடி உள்ள விட மாட்டாங்க, பாய்மாய் அம்மா. முடிஞ்சது. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுதான் சொல்றேன்."

"மேல கூரை போடலையே இன்னும்."

"கீழ இருக்கே. நாலு பேர் படுக்கலாம்."

"குளிர்காலம் கழிச்சு—"

"பாய்மாய் அப்பா, எனக்கு அசதியா இருக்கு," என்றாள். "கோபமா இருந்தா சண்டை போடுவேன். கோபம் இல்ல. அக்கரையிலேர்ந்து ரெண்டு வருஷம் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தேன். இப்ப இக்கரையிலேர்ந்து போன் வெளிச்சத்தைப் பார்க்கிறேன். போதும். வா."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெளியே வண்டி நின்ற சத்தம் கேட்டது. ஆனால் இந்த முறை அவன் போனை அணைக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டி கிளம்பிப் போயிற்று.

"சரி," என்றான்.

மறுநாள் காலை ஒலிபெருக்கி கரகரத்தது. "ஊர் மக்களுக்கு ஒரு அறிவிப்பு. சவாட் விஷயத்துல மட்டும் பழைய உத்தரவு ரத்து. யார் வந்து கேட்டாலும் உண்மையைச் சொல்லணும். சவாட் இருக்கான். விலாய் அவன் சம்சாரம். குடும்பம் நடத்தறாங்க. மத்தவங்க விஷயத்துல பழையபடிதான். யாரோட எருமையோ பள்ளிக்கூடத் தோட்டத்துல நிக்குது."

சவாட் கொரிய அதிகாரிகளிடம் தானாகப் போய்ப் பெயர் கொடுத்து, விரல் ரேகை கொடுத்து, மழை பிடித்த பிறகு வந்து சேர்ந்தான். இளைத்திருந்தான். கையைக் கழுவக் கழுவ எள்ளிலை வாசம் போகவில்லை. பாய்மாய் முதல் நாள் அவனை எட்ட நின்று பார்த்தாள். போனில் இருப்பதைவிட அப்பா குள்ளம் என்று பாட்டியிடம் சொன்னாள். நகரத்துக்குப் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடலாம் என்று கிளம்பிய அன்று, அவர் வெளியூர் போயிருந்தார். மேஜையில் இருந்தவர் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். "வீட்டு விசாரணைக்கு வருவார், அப்போ பார்த்துக்கலாம்" என்றார்.

வீட்டில் சவாட் சொந்த ஊரில் இருப்பவனைப் போல இருக்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விடுவான். போன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வரும். ஒட்டரிசிச் சோற்றுக் கூடையோடு வாழை மரத்தடியில் நின்றுகொண்டிருப்பான். "நம்ம பால்காரர்தான் அப்பா," என்று பாய்மாய் போய்க் கூட்டி வருவாள். விலாய் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிச் சரிப்படுகிற காரியம் அல்ல அது.

ஆறு பெருகித் தக்காளிச் சரிவை மூடிவிட்டது. விலாய் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் தியூவின் குரல் மறுபடி கேட்டது. இந்த முறை அதில் சந்தோஷம் இல்லை.

"விலாய்! ஓடி வாடி! உன் புருஷன் உன் குடியைக் கெடுத்துட்டான்!"

சேற்றுக் காலோடு வரப்பில் ஓடினாள். ஓடும்போதே தியூ சொல்லிக்கொண்டு வந்தாள். கடை வாசல் பெஞ்சில் சவாட் உட்கார்ந்து ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தானாம். தியூ உள்ளே எலும்புச் சாறு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாளாம். வெளியே வண்டி நின்றது. ஷூ. ஃபைல். கண்ணாடி. ஃபைலில் இருந்த கல்யாணப் போட்டோவில் சவாட்டுக்குக் கன்னம் உப்பி, தலை நிறைய முடி. பெஞ்சில் இருந்த ஒட்டிய கன்னத்தை அதிகாரிக்கு அடையாளம் தெரியவில்லை.

"'சவாட் வீடு எதுங்க'ன்னு அவனையே கேக்கறார்டி. இவன் கப்பைக் கீழ வெச்சுட்டு, 'தெரியாது சார், நான் இந்த ஊர் இல்ல'ங்கிறான்! ஊரே உண்மை பேசத் தயாராக் காத்துக்கிட்டிருக்கு. பொய் சொல்ல இவன் ஒருத்தன்தான் பாக்கி! அந்த அறிவிப்பு வந்தப்போ இவன் ஊர்ல இல்லையேடி!"

கடை வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அதிகாரியிடம் உண்மை பேசிக்கொண்டிருந்தார்கள். "இவன்தான் சார் சவாட்!" "நான் இவனோட பள்ளிக்கூடத்துல படிச்சேன் சார்!" "அன்னைக்குச் செத்துட்டான்னு சொன்னது நான்தான் சார், மன்னிக்கணும்!" லமுன் மகனின் காதைப் பிடித்து அதிகாரி முன்னால் நிறுத்தியிருந்தாள். "இது எனக்குப் பிறந்தது. பார்த்துக்குங்க."

சவாட் தலை குனிந்து நின்றான். ஒரு கை சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. அதிகாரி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை விலாய் கவனித்தாள்.

அவர் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. முழங்கால்வரை சேறோடு மூச்சு வாங்க நின்ற விலாயிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இவர்தான் உங்க கணவரா?"

விலாய் சவாட்டைப் பார்த்தாள். தாடையில் அவளுக்குத் தெரியாத ஒரு தழும்பு இருந்தது. எப்போது வந்தது என்று கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். இன்னும் கேட்கவில்லை. கேட்க எவ்வளவோ இருந்தது.

"ஆமா சார்," என்றாள். "இவர்தான்."

"ஏன் தெரியாதுன்னு சொன்னார்?"

"பழக்கம் சார். அங்க தினமும் அதைச் சொல்லித்தான் இருந்திருக்கார். இன்னும் முழுசா வந்து சேரலை."

அதிகாரி எழுதவில்லை. ஃபைலை மூடிவிட்டு, "வீட்டைக் காட்டுங்க" என்றார். கூட்டம் முழுவதும் பின்னால் வந்தது. மேலே கம்பிகள் துருவேறி நின்ற வீட்டின் முன்னால் விலாய், சவாட், பாய்மாய் மூவரையும் நிற்க வைத்து அவரே போட்டோ எடுத்தார். சேற்றைக் கழுவிவிட்டு வரட்டுமா என்று விலாய் கேட்டாள். வேண்டாம் என்றார். பிறகு சவாட் கையெழுத்துப் போட்டான். முதல் எழுத்து கோணியது. இரண்டாவது தாளில் சரியாக வந்தது.

ஃபைல் தலைநகருக்குப் போயிற்று. அங்கே அது எத்தனை வருஷம் தூங்கும் என்று அதிகாரியும் சொல்லவில்லை, விலாயும் கேட்கவில்லை. அதுவரைக்கும் பழைய கதைதான். அனுமதி முடிந்தால் படகேற வேண்டும்.

அடுத்த தடவை அவள் போனபோது சவாட் பையைத் தூக்கிக்கொண்டு துறைவரைக்கும் வந்தான். "நீ வீட்டுக்குப் போ, சாயங்காலம் வந்துடுவேன்" என்றாள். படகு நடு ஆற்றுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தாள். துறைக் காவலர் ஒருவர் சீருடையோடும் ஷூவோடும் அவன் பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சவாட்டின் உடம்பு நழுவி ஓடத் தயாராவது அவ்வளவு தூரத்திலும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் ஓடவில்லை. கையை நீட்டி, படகில் போகிற அவளைக் காட்டினான்.

முத்திரை குத்திக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவன் வீட்டுக்குப் போகாமல் துறைப் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.